எஸ்.எஸ். மூலைகளுக்கு ஒரு விரலகல பெல்ட் சாண்டர்: மண்டபம் கரையிலிருந்து ஒரு மதிப்புரை

குழாயும் குழாயும் சேரும் உள்மூலையில் விழுந்த வெல்டிங்கைத் தேய்த்துச் சீராக்குவதற்குக் குறுகிய பெல்ட் சாண்டரைப் போல உதவும் கருவி வேறில்லை. விரலளவு அகலமுள்ள உப்புத்தாள் வளையம் ஒன்று, மோட்டார் சுழற்றும் ரப்பர் உருளைக்கும் நீண்ட கையின் நுனியில் இருக்கும் சிறு உருளைக்கும் இடையே ஓடுகிறது என்பதைத் தவிர இதன் அமைப்பில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. சில கடைகளில் பவர் ஃபைல் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். உலோகம் தேய்க்கும் நான்கு அங்குல கை கிரைண்டரின் தட்டு நுழையாத இடத்திலும், அரத்தால் ராவினால் கை ஓய்ந்துபோகும் இடத்திலும் இது வேலை செய்யும். ஆனால் சமதளத் தகடுகளிலேயே பெரும்பாலான வேலை இருப்பவர்கள் இதற்குப் பணம் போட வேண்டியதில்லை. கிரைண்டரில் ஒரு ஃபிளாப் டிஸ்க், அதாவது உப்புத்தாள் மடல்களை அடுக்கிய தட்டு, மாட்டினால் அவர்களுக்குப் போதும்.

மண்டபம் கடற்கரையில் உள்ள எங்கள் பட்டறையில் வருவதெல்லாம் மூலை வேலைதான். விசைப்படகுகளின் கைப்பிடிக் கம்பிகள், ஐஸ் அறை மூடிகளின் கீல்கள், டீசல் தொட்டியின் மூடிக் கழுத்துகள், ராமேசுவரம் பக்கத்து விடுதிகளின் மாடிப்படிக் கைப்பிடிகள் ஆகியவற்றைத் துருப்பிடிக்காத எஃகில், அதாவது பட்டறைப் பேச்சில் எஸ்.எஸ். குழாயில், ஆர்கன் வெல்டிங் வைத்துச் செய்து தருகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறிவிடுவதால், ஆண்டு முழுவதற்குமான பழுது வேலைகள் அந்த இரண்டு மாதத்தில் வந்து குவியும். அப்படிப்பட்ட நெருக்கடியில் கிரைண்டரோடு இணைக்கும் பெல்ட் பாகம், தனி மின் இயந்திரம், காற்றில் ஓடும் சிறு இயந்திரம் ஆகிய மூன்று வகைகளையும் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கரையின் உப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் கருவியை மதிப்பிடும் அளவுகோலே இங்கு அதுதான். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரிப்பால் தளர்ந்துபோய், 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் சிறப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அத்தனை பெரிய பாலத்துக்கே அந்த நிலை என்றால், படகின் முன்பகுதியான அணியத்தில் நாள் முழுவதும் அலைத்தெறிப்பில் நனையும் ஒன்றரை அங்குலக் குழாய் என்ன பாடுபடும் என்று விளக்க வேண்டியதில்லை. துருப்பிடிக்காத எஃகு என்பது துருவே பிடிக்காத எஃகு அன்று. அதிலுள்ள குரோமியம் காற்றுடன் சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலம் குலையாமல் இருக்கும்வரைதான் எஃகு பிழைத்திருக்கும். வெல்டிங் வைத்த இடத்தின் இருபுறமும் மஞ்சளும் நீலமும் பழுப்புமாகத் தெரியும் சூட்டு நிறம், அந்தப் படலம் கெட்டு அதற்கடியில் குரோமியமும் குறைந்துவிட்டதற்கான அடையாளம். அதை அப்படியே விட்டால், கச்சான் காற்று ஒரு பருவம் வீசி ஓய்வதற்குள் மூலையிலிருந்து தேநீர்க் கறை வழிந்தது போலத் துரு இறங்கத் தொடங்கிவிடும்.

ஆகவே மூலையைத் தேய்ப்பது அழகுக்காகச் செய்யும் வேலையன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று 202 ரக எஸ்.எஸ். குழாயை வாங்கிக் கொடுத்துவிட்டு, தேய்ப்பில் குறை என்று பட்டறைக்காரரிடம் சண்டைக்கு வருபவர்களுக்கு எந்த சாண்டராலும் உதவ முடியாது என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். கடலோரத்துக்கு இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 ரகமே தகும். 304 ரகம் வீட்டுக்குள் நன்றாக உழைக்கும், கரையில் அடிக்கடி கழுவித் துடைத்துக்கொண்டிருந்தால் தாக்குப்பிடிக்கும்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். கிரைண்டரின் வட்டத்தட்டைக் கழற்றிவிட்டு அதே தண்டில் திருகி மாட்டும் பெல்ட் பாகம், விலை குறைவு என்ற ஒரே காரணத்தால் பலரையும் ஈர்க்கிறது. பெயர் தெரியாத தயாரிப்பாளர்கள் பலர் இதைச் செய்து விற்பதால், நான் வாங்கியதன் பெயரைச் சொல்வதிலும் பொருளில்லை. சாதா இரும்பில், அதாவது எம்.எஸ். சட்டங்களில், இது நன்றாகவே உழைத்தது. எஸ்.எஸ். குழாயில் வைத்ததும் அதன் குறை வெளிப்பட்டது. நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சுற்றும். பெரும்பாலானவற்றில் வேகத்தைக் குறைக்கும் வழி கிடையாது. எஸ்.எஸ். வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதா இரும்பின் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், தேய்க்கும் இடத்திலேயே சூடு தேங்கிவிடுகிறது. எந்தச் சூட்டு நிறத்தை நீக்க வந்தோமோ அதையே பெல்ட் புதிதாகப் பூசிவிட்டுப் போகும் வேடிக்கையை இந்தக் கருவியில் அடிக்கடி பார்க்கலாம். மேலும் இதை மாட்டுவதற்காகக் கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றியாக வேண்டும். பற்றும் வளையம் கிரைண்டரின் கழுத்து அளவோடு சரியாகப் பொருந்தாவிட்டால், அழுத்தும்போது பெல்ட் பாகத்தின் முழுக் கையும் மெல்லத் திரும்பிவிடும். எனக்கு வந்த பாகத்தில் அந்த வளையத்துக்குள் ஒரு தகட்டுத் துண்டைச் சுற்றி வைத்த பிறகே பிடிப்பு நின்றது. வேகத்தை மாற்றக்கூடிய கிரைண்டர் கைவசம் இருப்பவர்களுக்கு இது ஒரு வழி, மற்றவர்கள் எம்.எஸ். கதவு, ஜன்னல் வேலையோடு இதை நிறுத்திக்கொள்வது நல்லது.

தனி மின் இயந்திரத்தின் அருமை அதன் வேகத் திருகில் இருக்கிறது. இந்த வகையில் பலரும் அறிந்த மகிட்டா 9032ஐ எடுத்துக்கொண்டால், 9 மி.மீ. அகலமும் 533 மி.மீ. நீளமும் உள்ள பெல்ட், 500 வாட் மோட்டார், நிமிடத்துக்கு 300 முதல் 1,700 மீட்டர் வரை மாற்றக்கூடிய பெல்ட் வேகம், ஏறக்குறைய 1.6 கிலோ எடை என்று அதன் விவரக்குறிப்பு சொல்கிறது. அதே குடும்பத்தின் 9031 அதே நீளத்தில் 30 மி.மீ. அகல பெல்ட்டை ஓட்டுகிறது. அது குழாயின் வெளிவளைவுக்கும் சட்டத்தின் விளிம்புக்கும் ஏற்றது, குறுகலான மூலைக்கு ஏற்றதன்று. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், படகு வேலைக்காரர் 9 மி.மீ. பக்கமே சாய வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் அகல பெல்ட் செய்யும் வேலையை வேறு கருவிகளைக் கொண்டும் ஒருவாறு ஒப்பேற்றிவிடலாம்.

வேகத் திருகைக் கீழே வைத்து எஸ்.எஸ். மூலையில் ஓட்டும்போது கை உணரும் வேறுபாடு பெரிது. முழு வேகத்தில் பெல்ட்டின் ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு ஐம்பது முறைக்கு மேல் சுற்றி வந்து உலோகத்தைத் தொடுகிறது என்பதை அந்த நீளத்தையும் வேகத்தையும் வகுத்துப் பார்த்தாலே அறியலாம். பாதி வேகத்துக்கு இறக்கினால் ஒவ்வொரு துகளுக்கும் ஆறுவதற்கு இருமடங்கு நேரம் கிடைக்கிறது. நுனி உருளையைக் கொண்டு குத்தினாற்போல் அழுத்தாமல், உருளைக்கு அடுத்துள்ள தகட்டுப் பகுதியை வெல்டிங் கோட்டின் மேல் சாய்த்து, நிறுத்தாமல் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவியின் எடை மட்டும் இறங்கினால் போதும். அழுத்தினால் வேகமாகத் தேயும் என்ற எண்ணத்தில் புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் அழுத்துகிறார்கள். பெல்ட் மழுங்கி, ரப்பர் உருளை வழுக்கி, குழாயில் ஒரு பள்ளம் விழுந்த பிறகு தாமாகவே நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள குழாயில் அந்தப் பள்ளத்துக்கு மருந்து கிடையாது.

காற்றில் ஓடும் சிறு இயந்திரம், 10 மி.மீ. அகலமும் 330 மி.மீ. நீளமும் உள்ள பெல்ட்டோடு, உள்ளங்கைக்குள் அடங்கும் அழகான கருவி. ஈரமான படகுத் தளத்தில் மின்சாரமில்லாமல் வேலை செய்யலாம் என்பது அதன் தனிப்பெருமை. ஆனால் 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓயாமல் காற்றைக் குடிப்பதால், டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர் சற்று நேரத்திலேயே மூச்சு வாங்கிவிடும். இந்தக் கரையின் ஈரக்காற்றை அழுத்தும்போது தொட்டியில் தண்ணீர் தேங்குவதும் அதிகம். அந்தத் தண்ணீரை அன்றாடம் வடித்துவிட்டு, இயந்திரத்தின் காற்று நுழைவாயில் சில துளி எண்ணெய் விடாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம். பெரிய கம்ப்ரசர் ஏற்கெனவே உள்ள பெயின்ட் பட்டறைகளுக்கும் ஃபைபர் படகுப் பட்டறைகளுக்கும் மட்டும் பரிந்துரைப்பேன்.

இதுவரை சொன்ன இயந்திரங்களைவிட அவற்றில் ஓடும் பெல்ட்டின் ஒழுங்குதான் இந்தக் கரையில் அதிகம் கவனிக்க வேண்டியது. எம்.எஸ். தேய்த்த பெல்ட்டை எஸ்.எஸ். மீது ஒருமுறை ஓட்டினாலும், பெல்ட்டின் பற்களில் ஒட்டியிருந்த இரும்புத் துகள் எஸ்.எஸ். பரப்பில் பதிந்துவிடுகிறது. அந்தத் துகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து, பார்ப்பவர் கண்ணுக்கு எஸ்.எஸ். குழாயே துருப்பிடித்தது போலத் தோற்றமளிப்பதோடு, தனக்கடியில் உள்ள பாதுகாப்புப் படலத்தையும் கெடுக்கிறது. அதனால் எஸ்.எஸ். பெல்ட்டுகளுக்குத் தனி டப்பா, தனி ஆணி, உட்புறத்தில் மார்க்கரால் போட்ட தனிக் குறி என்று பிரித்து வைப்பது கட்டாயம். ஒரே மேசையில் ஒருவர் எம்.எஸ். கிரைண்டிங் செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் எஸ்.எஸ். குழாயை வைத்திருப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும். பறக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் ஓர் இரும்புத் துகள்தான். அலுமினியத்துக்கும் தனி பெல்ட் வேண்டும், ஆனால் காரணம் வேறு. அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து கிடக்கும் இடத்தில் பொறி விழுந்தால் தீப்பற்றும் ஆபத்து உண்டு.

மூலைக்கு எந்தத் துகள் (எண் ஏற ஏறத் துகள் நுண்ணியது) என்று கேட்பவர்களுக்கு, வெல்டிங் மேட்டைக் கரைக்க 60 அல்லது 80 எண் ஸிர்கோனியா துகள் பெல்ட், கோடுகளை ஆற்ற 120, கடைசியாக 240 என்ற வரிசையைச் சொல்வேன். இடையில் ஓர் எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய பெல்ட்டின் ஆழமான கீறல்கள் அடியில் அப்படியே தங்கிவிடும். அந்தக் கீறல்களில்தான் உப்பு போய் உட்காரும். கடலோரத்தில் பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகக் கறை பிடிக்கும். நிற்கும் கம்பிகளில் கடைசித் தேய்ப்பின் கோடுகள் மேலிருந்து கீழாக அமைந்தால், மழைநீர் உப்பைக் கழுவிக்கொண்டு இறங்கிவிடும். குறுக்காக அமைந்தால் ஒவ்வொரு கோடும் ஒரு வாய்க்காலாகி உப்பைத் தேக்கிக்கொள்ளும். முடிவாக, நெய்யாத நார் பெல்ட்டில் மெரூன் நிற நடுத்தர ரகத்தை ஒருமுறை மெதுவாக ஓட்டினால் பரப்பு ஒரே சீராகிவிடுகிறது. செராமிக் துகள் பெல்ட்டுகள் விலை அதிகம், ஆனால் எஸ்.எஸ். மீது குளிர்ச்சியாக வெட்டுவதிலும் நீடித்து உழைப்பதிலும் அந்த விலைக்கு நியாயம் செய்கின்றன. சாதா அலுமினியம் ஆக்ஸைடு பெல்ட்டை மரத்துக்கும் எம்.எஸ்.ஸுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

குறுகிய பெல்ட் சீக்கிரம் தேய்கிறது என்ற குறையைக் கருவியின் மேல் போடுவது நியாயமன்று. 9 மி.மீ. பெல்ட் ஒன்றின் மொத்தப் பரப்பு 48 சதுர செ.மீ.தான், தச்சர்கள் பயன்படுத்தும் 76 மி.மீ. அகல பெல்ட்டுக்கு அதே நீளத்தில் 400 சதுர செ.மீ.க்கு மேல் பரப்பு உண்டு. இந்தக் கணக்கிலேயே ஒரு சிக்கன வழியும் இருக்கிறது. 533 மி.மீ. நீளமுள்ள 76 மி.மீ. அகல பெல்ட்டை வாங்கி, விளிம்பில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டு நீளவாக்கில் கிழித்தால், துணி முதுகுள்ள பெல்ட் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிழிந்து எட்டு குறுகிய வளையங்களைத் தரும். ராமநாதபுரத்தில் குறுகிய பெல்ட் கிடைக்காமல் மதுரைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நாள்களில் இது கைகொடுத்திருக்கிறது. விளிம்பில் பிரியும் நூலை நறுக்கிவிட வேண்டும். கிழித்த பெல்ட்டைக் கண்ணாடி அணியாமல் ஓட்டவே கூடாது. 240 எண்ணுக்கு இந்த வழி வேண்டாம், ஏனெனில் பிரிந்த நூல் சீரான பரப்பில் கோடு போட்டுவிடும்.

பெல்ட்டுகளின் எதிரி ஈரமும் வெப்பமும். தகரக் கூரைக்கடியில் ஒரு கோடையைக் கழித்த பெல்ட்டில் இணைப்பு நாடாவின் பசை காய்ந்து, மாட்டி ஓட்டிய உடனேயே அறுந்துவிடும். ஈரத்தில் துணி முதுகு சுருண்டு, உருளையின் நடுவில் நிற்காமல் ஒருபுறமாக ஓடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஆணியில் தொங்கவிடுவதாக இருந்தால் மடிப்பு விழாதபடி ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டின் மேல், வெயில் படாத சுவரில் வைப்பதே சரி. ஒரு தடைக்காலத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்கி அடுக்காமல் இருப்பது இன்னும் சரி. சில பெல்ட்டுகளின் உட்புறத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இணைப்புள்ள அந்த பெல்ட்டை அம்பின் திசையில்தான் ஓட்ட வேண்டும். நாடா வைத்து இணைத்த பெல்ட்டுக்குத் திசை கிடையாது.

ஃபைபர் படகுக்காரர்கள் இந்தக் கருவியைக் கேட்கும்போது எனக்குத் தயக்கம்தான். உடைந்த இடத்தின் ஓரங்களைச் சாய்வாக்குவதற்கும் போல்ட் துளைகளைப் பெரிதாக்குவதற்கும் இது மிக நேர்த்தியாக உதவும். ஆனால் கண்ணாடி நார்த் தூசி மூக்கிலும் தோலிலும் மட்டுமின்றி மோட்டாரின் காற்றுத் துளை வழியாக உள்ளேயும் போகிறது. என்95 முகக்கவசம், முழுக்கை உடை, பக்கத்தில் ஒரு தூசி உறிஞ்சி இல்லாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது. எளிதில் தீப்பற்றும் ரெசினும் அசிட்டோனும் திறந்திருக்கும் இடத்தில் எஸ்.எஸ். தேய்த்துப் பொறி பறக்கவிடுவதும் கூடாது. கைப்பிடிக் கம்பி வேலையும் ஃபைபர் வேலையும் ஒரே படகில் ஒரே நாளில் நடக்கும் தடைக்கால அவசரத்தில் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

பராமரிப்பில் நுனி உருளையின் பேரிங்குக்கே முதலிடம். சிறிய உருளை என்பதால் அது மோட்டார் சுழற்றும் ரப்பர் உருளையைவிட வேகமாகச் சுழல்கிறது. உலோகத் தூசியும் உப்பும் சேர்ந்து அதன் கிரீஸைச் சாந்தாக்கிவிடுகின்றன. பெல்ட்டைக் கழற்றிவிட்டு விரலால் சுழற்றும்போது உராயும் ஒலி கேட்டாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ, அதை மாற்றும் நாள் வந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையிலும் ஓட்டினால் சூடேறிப் பெல்ட்டைக் கருக்கும். பெல்ட்டுக்கு அடியில் உள்ள எஃகுத் தகட்டில் காலப்போக்கில் ஒரு வாய்க்கால் விழும்; அதன்பின் பெல்ட் நேராக ஓடாது, பெல்ட்டை நடுவில் நிறுத்தும் வழித்தடத் திருகை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. கருவியின் கையில் பெல்ட்டை இறுக்கும் ஸ்பிரிங் தளர்ந்ததா என்பதை, நுனியை மேசையில் அழுத்திவிட்டு விடும்போது அது துள்ளித் திரும்புகிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மாலையில் வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளை உலர்ந்த காற்றால் ஊதி, வெளிப்புறத்தை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். உப்புப் படிந்த இயந்திரத்தை அப்படியே பெட்டியில் போட்டு மூடினால், இரவு முழுவதும் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மின் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்பதையும் அடிக்கடி பார்க்க வேண்டும். இரட்டைக் காப்புள்ள இயந்திரங்களுக்கு எர்த் பின் இருக்காது, அது குறையன்று. ஆனால் ஈரமணலில் நின்று வேலை செய்யும் இடத்தில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத ஒரு இணைப்பிலிருந்து இதை ஓட்ட நான் யாரையும் அனுமதிப்பதில்லை. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்ஷில் தேய்மான எல்லைக் கோடு தெரிந்ததும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மோட்டாருக்குள் பொறி வழக்கத்தைவிட நீளமாகத் தெரிந்தாலோ, குலுக்கினால் ஓடி, குலுக்காவிட்டால் நிற்பது போல நடந்துகொண்டாலோ அதற்கு முன்பே கழற்றிப் பார்ப்பது நல்லது. அந்த பிரஷ் ஜோடி மிகச் சிறிய செலவுதான், ஆனால் சரியான எண்ணில் இங்கே கிடைப்பது அரிது. மார்ச் மாதமே இரண்டு ஜோடியும், ஒரு நுனி உருளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் பாதியில் எல்லாப் பட்டறைகளும் ஒரே நேரத்தில் கேட்கும்போது கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது.